பனிப்பாதைக்கு ஏற்ற டயரும் சக்கரமும்: சிக்கனமாகத் தேர்ந்தெடுக்கும் முறை

இமயமலைப் பகுதிகளில் பணிபுரியும் களப்பணியாளர்களுக்கு மோட்டார் வண்டி இன்றியமையாத கருவியாகும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3-ஆம் நாள் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீட்டர் நீளமுடையது. 3,978 மீட்டர் உயரமுள்ள ரோத்தாங் கணவாயை ஏறிக் கடக்கும் தேவையின்றி, அது மணாலியை லாஹௌல் பள்ளத்தாக்குடன் இணைக்கிறது. இதனால் முன்னர் குளிர்காலத்தில் அடைபட்டுக் கிடந்த பள்ளத்தாக்குக்கு இப்போது அக்காலத்திலும் வண்டிகள் செல்கின்றன. ஆயினும் சுரங்கத்தின் வாயில்களை அணுகும் சாலைகளில் பனி பெய்துகொண்டுதான் இருக்கிறது. சமவெளியில் வாங்கிய புதிய வண்டி, சமவெளிக்கு ஏற்ற டயர்களுடனேயே அங்குச் செல்கிறது. அத்தகைய வண்டிக்கு மிகுந்த செலவின்றிக் குளிர்கால டயரையும் சக்கரத்தையும் எவ்வாறு தேர்வது, எதில் சிக்கனம் செய்யலாம், எதில் செய்தலாகாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. பனியில் வண்டி நிற்கும் தூரம்

பிரேக்கை அழுத்தியதும் வண்டியை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் இடையேயுள்ள உராய்வு. உலர்ந்த சாலையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.7 எனக் கொள்ளலாம். இறுகிய வெண்பனியில் அது 0.2 அளவினது, பனிக்கட்டியில் 0.1 அளவுக்கும் இறங்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்த கணத்திலிருந்து உலர்ந்த சாலையில் 9 மீட்டரிலும், இறுகிய வெண்பனியில் 31 மீட்டரிலும், பனிக்கட்டியில் 63 மீட்டரிலும் நிற்கும் எனக் கணக்கிடலாம். வேகத்தைப் பாதியாக்கினால் இத்தூரங்கள் நான்கில் ஒரு பங்காகும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக அமைந்த வளைவுகளில் இவ்வேறுபாடு உயிரைக் காப்பதோ போக்குவதோ ஆகும்.

2. ரப்பரும் குளிரும்

பண்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி, இக்குறையைப் பெரிதும் நீக்கும் வழியைக் கண்டார். ஆயினும் வெப்பநாட்டுக்கெனக் கலவை செய்யப்பட்ட டயர் கடுங்குளிரில் இன்றும் விறைக்கவே செய்கிறது. விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றுவதில்லை. டயர் தயாரிப்பாளர்கள் பொதுவாக 7 டிகிரி செல்சியஸை எல்லையாகக் கூறுவர். அதற்குக் கீழான உஷ்ணநிலையிலும் நெகிழ்ச்சி குன்றாதவாறு குளிர்கால டயரின் கலவை அமைக்கப்படுகிறது.

மேற்பரப்பின் அமைப்பும் வேறானது. அகன்ற பள்ளங்கள் வெண்பனியைக் கவ்வி இறுக்குகின்றன. பனியோடு பனி நன்கு ஒட்டுவதால் பிடிப்பு மிகுகிறது. ஒவ்வொரு ரப்பர்க் கட்டையிலும் உள்ள மெல்லிய கீறல்கள் கூர்விளிம்புகளாக நின்று பற்றுகின்றன; பனிக்கட்டியின் மேல் படரும் நீர்ப்படலத்தையும் உள்வாங்குகின்றன. 0 டிகிரியை ஒட்டிய பனிக்கட்டி, கடுங்குளிரில் உறைந்ததைக் காட்டிலும் மிகுதியாக வழுக்குவதற்கு இந்நீர்ப்படலமே காரணம்.

3. டயரில் காணவேண்டிய அடையாளங்கள்

எம், எஸ் என்னும் ஆங்கில எழுத்துகள் சேறும் பனியும் எனப் பொருள்படும். இது தயாரிப்பாளரின் கூற்றே அன்றிச் சோதனையில் தேறியதற்குச் சான்றன்று. மூன்று சிகரமுடைய மலையும் அதனுள் பனித்துகளின் வடிவமும் கொண்ட சின்னமே, பனியில் நடத்திய சோதனையில் குறித்த தரத்தை எட்டியதற்கு அடையாளம். இச்சின்னம் 1999-இல் வட அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஜெர்மனியில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், எம், எஸ் எழுத்துகள் மட்டும் உள்ள டயர் பனிச்சாலைக்கு உரியதாக ஏற்கப்படுவதில்லை.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களால் தயாரிப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். 3824 எனில் 2024-ஆம் ஆண்டின் 38-ஆம் வாரம். காலம் செல்லச் செல்ல ரப்பர் கடினமாவதால், வரிகள் தேயாதிருப்பினும் பழைய டயரை மலிவு கருதி வாங்குதல் தகாது.

4. நான்கு டயர்களும் வேண்டும்

செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் விசை பெறும் இரு சக்கரங்களுக்கு மட்டும் குளிர்கால டயர் பூட்டுகின்றனர். இது அபாயகரமானது. முன் டயர்கள் பற்றிக்கொள்ள, பின் டயர்கள் வழுக்கினால் வளைவில் வண்டியின் பின்பகுதி சுழன்றுவிடும். நான்கு சக்கரங்களும் விசை பெறும் வண்டிக்கும் இது பொருந்தும். அவ்வண்டி எளிதில் புறப்படும்; ஆனால் நிற்கும் தூரத்தை டயரே தீர்மானிக்கிறது. பனிக்கட்டி படர்ந்த ஏற்ற இறக்கங்களுக்காகச் சங்கிலியையும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும்.

5. சிக்கனத்துக்குரிய இடம்

ரப்பரின் தரத்திலும் டயர்களின் எண்ணிக்கையிலும் குறைக்கலாகாதெனில், செலவைக் குறைக்கும் இடம் சக்கரமே. 225/45 ஆர் 17 அளவுடைய டயருடன் விற்கப்படும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 45 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயர விகிதம். 17 என்பது அங்குலத்தில் சக்கரத்தின் விட்டம். முழு விட்டத்தைக் காண, சக்கர விட்டத்துடன் சுவர் உயரத்தை இருமுறை கூட்டவேண்டும்.

225/45 ஆர் 17: 431.8 + 202.5 = 634.3 மி.மீ.
205/55 ஆர் 16: 406.4 + 225.5 = 631.9 மி.மீ.
195/65 ஆர் 15: 381.0 + 253.5 = 634.5 மி.மீ.

மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே வேகமானி பிழைபடாது. சிறிய சக்கரத்துக்குரிய டயர் பெரும்பாலும் விலை குறைந்தது. அகலம் குறைந்த டயர் புதுப்பனியைப் பிளந்து அடித்தரையை எட்டும். உயரமான சுவர், பனி மூடிய குழிகளில் சக்கரம் நெளியாமல் காக்கும். அலாய் சக்கரத்துக்கு மாறாக எளிய உருக்குச் சக்கரமே இதற்குப் போதும். பல வண்டிகளின் விலை குறைந்த வகைகளில் அத்தகைய சக்கரமே பூட்டி வருகிறது.

ஆயினும் வாங்குமுன் வண்டியின் கையேட்டிலோ, கதவோரத் தகட்டிலோ அனுமதிக்கப்பட்ட அளவுகளைப் பார்த்தல் வேண்டும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட விட்டமும், நடுத்துளையின் அளவும், சக்கரம் உட்புறம் தள்ளி நிற்கும் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். உயர்வகை வண்டியில் பிரேக் பெரிதாயிருந்தால் சிறிய சக்கரம் அதில் உரசக்கூடும். பூட்டிச் சுழற்றிப் பார்த்த பின்னரே விலை கொடுக்கவேண்டும். டயரின் வேகக்குறி சற்றுக் குறைந்திருப்பதைச் சில நாடுகள் ஏற்கின்றன. பாரம் தாங்கும் எண் குறைதல் எங்கும் ஆகாது.

6. இரு தொகுதிகளின் கணக்கு

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஒரு தொகுதி டயர் 40,000 கிலோமீட்டர் உழைப்பதாகக் கொள்வோம். ஒரே தொகுதியெனில் 3 ஆண்டு 4 மாதத்தில் தேயும். நான்கு மாதம், அதாவது 4,000 கிலோமீட்டர், குளிர்காலத் தொகுதியில் ஓடினால், கோடைத் தொகுதி 5 ஆண்டு உழைக்கும். எனவே குளிர்கால டயருக்கு இட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பி வருகிறது. தனிச் சக்கரங்கள் இருப்பின், ஆண்டுக்கு இருமுறை டயரைக் கழற்றிப் பூட்டும் கூலியும் மிச்சம். வெயில் காலத்தில் குளிர்கால டயரை ஓட்டினால் அது விரைவில் தேயும். பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். ஆண்டில் ஓரிரு நாள் மட்டும் பனி காண்போருக்கு, மலைச்சின்னம் பெற்ற பல்பருவ டயரும் சங்கிலியும் போதுமானவை.

7. பராமரிப்பு

சக்கரம் மாற்றியபின் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளை மீண்டும் குறித்த அளவுக்கு முறுக்குதல் வேண்டும். 25 டிகிரியில் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு காற்று நிரப்பிய டயரில், அதே இடத்தில் உஷ்ணநிலை –5 டிகிரிக்கு இறங்கினால் சுமார் 28 பவுண்டே இருக்கும். உயரம் ஏறும்போதோ வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானியின் அளவு கூடும். ஆதலால் சேருமிடத்தில், டயர் குளிர்ந்திருக்கையில் அளப்பதே முறை. வரியின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைப் பனிப்பாதைக்குக் கொண்டு செல்லாதிருத்தல் நன்று.

வகுப்பறைச் சோதனை

ஒரு தட்டில் நீரை உறைய வைத்துப் பலகைமேல் நகராதவாறு பொருத்துக. பழைய டயரின் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்துப் பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. துண்டு வழுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பே உராய்வுக் குணகம். 0.1 எனில் கோணம் ஏறத்தாழ 6 டிகிரி; 0.7 எனில் 35 டிகிரி. பின்னர் சொரசொரப்பான உலர்ந்த கற்பலகையில் இதனையே செய்து ஒப்பிடுக.

வினாக்கள்

1. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி இறுகிய வெண்பனியில் எத்தனை மீட்டரில் நிற்கும்?
2. 185/65 ஆர் 15 டயரின் முழு விட்டம் என்ன? மேற்கூறிய வண்டிக்கு அதனைப் பூட்டினால் வேகமானி மெய்யான வேகத்தைவிடக் கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா?
3. நான்கு சக்கரங்களும் விசை பெறும் வண்டிக்கும் குளிர்கால டயர் ஏன் தேவை?