கரையில் வைத்த பொருள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

விடுமுறைக்குக் கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் குடும்பங்கள், நீரில் இறங்கும் நேரத்தில் பணப்பையையும் கைபேசியையும் வண்டிச் சாவியையும் நகையையும் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் செவிவழி வந்த விடைகளையே நம்பியிருக்கின்றன. மணலில் புதைப்பது, செருப்புக்குள் செருகுவது, துண்டால் மூடுவது, கூட்டத்தின் நடுவில் வைப்பது, நீரில் நின்றபடி ஒரு கண் வைத்துக்கொள்வது என்று விடைகள் பலவானாலும், அவற்றின் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: பொருள் பிறர் கண்ணில் படாமலோ தம் கண்ணில் பட்டபடியோ இருந்தால் போதும். தமிழகக் கடற்கரைகளின் இயல்பையும் திருட்டு நடக்கும் முறையையும் சேர்த்துப் பார்த்தால், இந்த எண்ணம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது புலப்படும்.

மறைத்து வைத்தால் பொருள் தப்பிவிடும் என்ற நம்பிக்கையே இவற்றுள் மிகப் பரவலானது. கடற்கரையில் கைவரிசை காட்ட வருபவர், குளிக்க வந்தவர் நீரில் இறங்கிய பிறகு தேடத் தொடங்குவதில்லை. குளிக்க வந்தவர் அமர்ந்து, சுற்றுமுற்றும் பார்த்து, செருப்புக்குள் எதையோ திணித்து, அதன்மேல் துண்டைப் போர்த்தும் நேரம் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்க முடியும் என்பதால், மறைக்கும் செயலே பொருளின் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பையின் உள்ளறைக்குள், குழந்தையின் அணையாடைக்குள், காலியான களிம்புக் குப்பிக்குள் என்று எவ்வளவு திறமையாக ஒளித்தாலும், எடுப்பவர் அங்கேயே அமர்ந்து துழாவாமல் பையையே தூக்கிச் செல்லும்போது அந்தத் திறமைக்குப் பயனில்லை.

மணலில் புதைப்பதற்கு இன்னொரு பகையும் உண்டு. சென்னைக் கரையில் ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான் என்பதால், கொஞ்சம் மேட்டில் புதைத்தால் நீர் எட்டாது என்று பலர் கணிக்கின்றனர். ஆனால் கரையில் உடைந்த அலையின் நீர், மணற்சரிவில் ஓத மட்டத்துக்கும் மேலே ஏறித் திரும்புகிறது. இந்த ஏற்றம் அலைக்கு அலை மாறுவதால், அரை மணி நேரம் உலர்ந்திருந்த இடம் அடுத்த பெரிய அலையில் நனைவதும், மேல்மணல் பெயர்ந்து அடையாளமாக நட்ட குச்சியே காணாமற்போவதும் இயல்பு. இதனினும் கடுமையானது கள்ளக்கடல் எனப்படும் நிகழ்வு. தெற்கு இந்தியப் பெருங்கடலில் வெகுதொலைவில் வீசும் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரையை அடையும்போது, உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நல்ல வெயில் நாளிலும் கடல் திடீரெனப் பொங்கி ஏறுவதையே அப்பெயர் குறிக்கிறது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் 5 பேர் அலையில் சிக்கி இறந்தது இத்தகைய கொந்தளிப்பு நாளில்தான். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கடலுக்குப் புறப்படும் காலையில் அதைப் பார்த்துவிடுவது பொருளைக் காப்பதைவிட முந்திய வேலை. அலை இழுத்துச் செல்லும் பையின் பின்னால் நீருக்குள் ஓடுவதைவிட மோசமான பேரம் இல்லை என்பதைச் சிறுவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பெரியவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

நீரில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேறொரு வகையில் பிழைபடுகிறது. அலைகள் கரையைச் சாய்வாக வந்து தாக்கும்போது, கரைக்கு இணையாக ஓர் ஓட்டம் உண்டாகிறது. இதைக் கரையோர நீரோட்டம் என்பர். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி இது தெற்கிலிருந்து வடக்காகவும், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகவும் செல்கிறது. இதன் வலிமைக்குச் சென்னையே சான்று: 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்து இந்த ஓட்டம் சுமந்துவந்த மணலைத் தடுத்ததால், தெற்கே மெரினா அகன்றுகொண்டே போயிற்று, வடக்கே இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையிலான கரை அரிக்கப்பட்டது. ஒரு நகரத்தின் கரையையே மாற்றியமைத்த அந்த ஓட்டம், இடுப்பளவு நீரில் அலைக்கு அலை துள்ளிக்கொண்டிருப்பவரை அவர் அறியாமலே பக்கவாட்டில் நகர்த்திச் செல்வதில் வியப்பில்லை. சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கையில், நேரெதிரே இருந்த தம் பை எங்கே என்று தெரியாமல், அதே நிறத்தில் இருக்கும் வேறொருவருடைய துண்டைத் தம்முடையதென்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் உண்டு. இறங்கும் முன், கரையில் நகராத ஒன்றை, ஒரு விளக்குக் கம்பத்தையோ கட்டடத்தையோ, அடையாளம் வைத்துக்கொண்டு அதற்கு நேராகவே இருக்க முயல்வது நீந்துவதற்கும் நல்லது. ஆயினும் பையைப் பார்ப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்கும் பழக்கம் எக்காலத்திலும் தவறு. அடுத்து வரும் அலை பின்னாலிருந்துதான் சாய்க்கும்.

கூட்டம் இருக்கும் இடத்தில் திருட்டு நடக்காது, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்பது அடுத்த நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று கடற்கரையிலேயே நடந்திருக்கிறது. நியூயார்க் அருகே உள்ள ஜோன்ஸ் கடற்கரையில் உளவியலாளர் தாமஸ் மோரியார்ட்டி நடத்தி 1975இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஆய்வுக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மணலில் விரிப்பைப் போட்டு, கையடக்க வானொலியைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு, அதை அங்கேயே விட்டு எழுந்து போவார். பிறகு திருடனாக நடிப்பவர் வந்து வானொலியை எடுத்துச் செல்வார். போவதற்கு முன் பக்கத்தில் இருந்தவரிடம் பொருளைப் பார்த்துக்கொள்ளுமாறு எதுவும் கேட்காதபோது, 20 பேரில் 4 பேர் மட்டுமே திருடனைத் தடுத்தனர். பொருளைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகோ, 20 பேரில் 19 பேர் எழுந்து தடுத்தனர், சிலர் துரத்திச் சென்று வானொலியைப் பிடுங்கவும் செய்தனர். ஆள் இருப்பது காவலாகவில்லை என்பதும், ஆளிடம் ஒப்படைத்ததே காவலாயிற்று என்பதும் இதன் பொருள். எடுத்துச் செல்பவர் உடையவரா பிறரா என்று பார்த்தவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், தலையிடுவது தம் வேலையா என்ற தயக்கம் இருக்கும். கேட்டுக்கொண்ட ஒரு வார்த்தை இந்த இரண்டையும் நீக்கிவிடுகிறது.

சிறிய எண்ணிக்கையில், வேறொரு நாட்டில், அரை நூற்றாண்டுக்கு முன் செய்த சோதனை என்பதால் அதன் விகிதம் அப்படியே இங்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. அது காட்டும் வழி மட்டும் ஏற்கத்தக்கது. அறிமுகமில்லாதவரிடம் பொருளை ஒப்படைப்பது அறிவீனம் என்று வளர்க்கப்பட்டவர்களுக்கு இது உறுத்தலாம். ஆனால் யாரிடம் கேட்பது என்பதை உடையவரே முடிவு செய்யும்போது ஆபத்து குறைகிறது: சோற்று மூட்டையும் பாயுமாகக் குழந்தை குட்டிகளுடன் அமர்ந்து, விட்டு எளிதில் எழுந்து போக முடியாத ஒரு குடும்பத்தை அணுகுவதற்கும், தாமாகவே வந்து பையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லும் தனியாளை நம்புவதற்கும் வேறுபாடு உண்டு. இராமேசுவரம் அக்கினி தீர்த்தக் கரையில் யாத்திரிகர் பலர் ஆய்வு எதையும் படிக்காமலே இதைத்தான் செய்கின்றனர். குழுவாக வந்தவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. ஒருவர் முறை வைத்துக் கரையில் இருந்தால் போதும், அந்த முறை எப்போதும் பாட்டியின் தலையிலேயே விழாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நீர் புகாத கைபேசியைக் கூடவே கடலுக்குள் எடுத்துச் செல்லலாம் என்பது புதிய தலைமுறையின் நம்பிக்கை. கைபேசிப் பெட்டியில் அச்சிடப்படும் ஐ.பி. 68 என்ற குறியீட்டில் முதல் எண் தூசிக்கும் இரண்டாம் எண் நீருக்கும் உரியது. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், 8 என்றால் அதைவிடக் கடுமையாக, தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் தாங்கும் என்று பொருள். இச்சோதனை ஆய்வகத்தில், அசையாத நன்னீரில் நடக்கிறது. கடல்நீரிலோ ஒரு கிலோவுக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு இருக்கிறது. நீர் உலர்ந்த பின்னும் உப்பு மின்னேற்றத் துளையில் தங்கி, ஈரத்தோடு மின்னேற்றினால் உலோகத்தை அரிக்கிறது. கைபேசிகளை நீச்சல் குளத்திலும் கடலிலும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் தரும் விளம்பரங்களை வெளியிட்டதற்காக, சாம்சங் நிறுவனத்தின் ஆஸ்திரேலியக் கிளைக்கு அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2022 ஜூனில் 1 கோடியே 40 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பழுதுக்குக் காரணமாக அங்கே பேசப்பட்டதும் இந்தத் துளை அரிப்பே. நனைந்த கைபேசியை அரிசிக்குள் போட்டு வைக்கும் வைத்தியத்துக்கும் ஆதரவில்லை: அரிசித் துகள் உள்ளே புகுந்து கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2024இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறை ஓரளவு உதவும், அதற்குள் காகிதக் கைக்குட்டை ஒன்றை மட்டும் வைத்து வாளி நீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்த்து, அது நனையவில்லை என்று உறுதிசெய்த பிறகு.

திருச்செந்தூர் போன்ற ஊர்களில் கைபேசியைப் பற்றிய கேள்விக்குக் கோயிலே பாதி விடை தந்துவிடுகிறது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதால், கடலாடிவிட்டுச் சந்நிதிக்குச் செல்பவர் எப்படியும் அதை ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டியவரே. தங்கும் அறையிலேயே பூட்டிவிட்டு வந்தால் கரைக்கும் சேர்த்துக் கவலை விட்டது. இரயிலில் வந்தவர் பெரிய நிலையங்களின் பொருள் காப்பறையைப் பயன்படுத்தலாம், பூட்டிய பையை மட்டுமே அங்கே வாங்குவார்கள் என்பதால் சிறு பூட்டு ஒன்று தேவை.

வண்டிச் சாவியைச் சக்கரத்தின் மேல் ஒளிப்பதைப் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: பொத்தானை அழுத்தாமலே அருகில் வந்ததும் கதவு திறக்கும் வகைச் சாவியை வண்டியின்மேல் வைத்துவிட்டுப் போனால், உடையவரே அருகில் நிற்பதாக வண்டி கருதிக் கதவு திறக்க இடமுண்டு. அத்தகைய சாவிகள் பலவற்றின் உள்ளே உருவி எடுக்கக்கூடிய சிறிய உலோகச் சாவி ஒன்று இருக்கிறது. வண்டியைத் தங்குமிடத்திலேயே நிறுத்தியவர் அதை மட்டும் கயிற்றில் கோத்து உடம்பில் கட்டிக்கொண்டு, மின்னணுப் பகுதியை அறையில் விட்டுவிடலாம்.

கடல் வாங்கியதைத் திருப்பித் தரும் என்ற பழைய ஆறுதல் நகைக்குப் பொருந்தாது. மிதக்கும் செருப்பு திரும்பும்; தூய தங்கமோ நீரைப்போல் 19 மடங்குக்கு மேல் அடர்த்தி கொண்டது, மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான், ஆகவே அலை கலக்கும் மணலுக்குள் மோதிரம் இறங்கிக்கொண்டே போகும். உப்புநீர் தங்கத்தை அரிக்காது என்பது உண்மை. ஆனால் எண்ணெயும் களிம்பும் பூசிய ஈர விரலிலிருந்து மோதிரம் வழுக்குவதற்கும், சங்கிலியின் தேய்ந்த கொக்கி அலையின் இழுப்பில் விடுவதற்கும் அரிப்பு தேவையில்லை. கழற்றவே மனம் வராத தாலிச் சங்கிலிக்குப் பதிலாக, பயணத்தில் மஞ்சள் கயிறு அணிந்துகொள்ளும் பழைய வழக்கம் இன்றும் பொருத்தமானதே.

போனது போனதுதான், வெளியூரில் புகார் கொடுத்துப் பயனில்லை என்பது கடைசி நம்பிக்கை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். கைபேசி பறிபோனால் அதன் விலையைவிட அதில் உள்ள சிம் அட்டையே பெரிய இழப்பு, ஏனெனில் திரைப்பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், சிம்மை வேறொரு கருவியில் போட்டதும் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் திருடனுக்கே வந்து சேரும். கைபேசி அமைப்பில் சிம்முக்கென்று தனி எண் பூட்டு வைத்திருந்தால் இது நடக்காது. பணம் போனதாக ஐயம் எழுந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. கருவியையே முடக்குவதற்கு, 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இயங்கும் சி.இ.ஐ.ஆர். என்ற மைய அரசுப் பதிவேடு இருக்கிறது; காவல் நிலையப் புகாரின் படியும், அதே எண்ணுக்கு வாங்கிய மாற்று சிம்மும், ஒவ்வொரு கருவிக்கும் உரிய 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அதற்கு வேண்டும். அந்த எண் அச்சிட்ட அட்டைப்பெட்டி வீட்டுப் பரணில் கிடக்க, குடும்பம் கடற்கரையில் நிற்பதே வழக்கமாக நடப்பது. *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் அந்த எண்ணைப் புறப்படும் முன்பே வேறொருவருடைய கைபேசியில் பதிந்து வைக்கலாம்.