சத்தம் வலிக்கும்

பாளையங்கோட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். கல்யாண வீட்டிலிருந்து நீ சாப்பிடாமலே கிளம்பிப் போனதை உன் அம்மா சொன்னாள். கெட்டிமேளம் கொட்டியதும் உன் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் புரண்டானாம். 'செல்போனைக் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கா', 'நாலு போட்டா சரியாயிரும்' என்று நம் சொந்தத்திலேயே பேசினார்களாம். இனி எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்றாயாம். போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995ஆம் வருடம். உன் அத்தானுக்கு 7 வயது. தென்காசி பஸ்ஸில் டிரைவர் வழியெல்லாம் ஏர்ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார். ஆலங்குளம் வருவதற்குள் இவன் ஜன்னல் கம்பியில் தலையை முட்டத் தொடங்கிவிட்டான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. 'பிள்ளைய வளக்கத் தெரியல' என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். அவனைத் திருத்துவதற்காக இல்லை பாப்பா. நானும் கண்டிக்கிற தாய்தான் என்று அந்தக் குரலுக்குக் காட்டுவதற்காக. அந்த ஆள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார். முகம்கூட எனக்குத் தெரியாது. என் பிள்ளையோ, தலைவார நான் கையைத் தூக்கினால்கூடப் பல மாதம் ஒதுங்கினான்.

உனக்குச் சொல்ல நினைத்ததெல்லாம் இதற்குள்தான் இருக்கிறது. சின்னவன் தாங்கமாட்டாமல் கதறும் நேரத்தில் உன் முகம் அவன் பக்கம் இருக்கட்டும். கூட்டத்தின் பக்கம் திரும்பினால் உன் கை கூட்டம் சொன்னதைச் செய்துவிடும். என் கை செய்தது.

அது அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும். கேட்டது கிடைத்தால் அடங்கிவிடும். இவன் நினைத்தாலும் நிறுத்த முடியாது. மிக்ஸி ஓடும்போதும் பேச்சைப் பிரித்துக் கேட்க நமக்கு முடிகிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படி வேண்டாததைத் தள்ளிவைக்க வருவதில்லை. சீரியல் விளக்கு, பூ வாசனை, பட்டுச் சட்டையின் உறுத்தல், தவில் எல்லாம் ஒன்றாக மேலே வந்து விழும். அந்த நேரத்தில் புத்தி சொல்லாதே; உன் பேச்சும் அவனுக்கு இன்னொரு சத்தம்தான். தலை தரையில் மோதாமல் துண்டை மடித்துக் கொடு. சுற்றி நிற்பவர்களை விலக்கு. முடிந்தால் வெளிச்சம் குறைந்த இடத்துக்குக் கூட்டிப் போய்க் காத்திரு. காதை மூடும் ஹெட்போன் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு முன்பே மாட்டிவிடு, கொட்டிய பிறகு தேடாதே.

பார்ப்பவர்களுக்கு, 'இவனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்காது, கொஞ்சம் இடம் விடுங்க' என்று சொன்னால் போதும். வீட்டில் சொல்லிப் பழகிக்கொள். மாப்பிள்ளையும் பழகட்டும், இது உன் ஒருத்தி பொறுப்பு இல்லை. முறைப்பவர்களில் பாதிப் பேர் தெரியாமல் முறைப்பவர்கள். சொன்னதும் எழுந்து சீட்டைக் கொடுத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்காதே. சின்னவனுக்குப் பேச்சு வரவில்லையே தவிர, காது கேட்கிறது. தன்னால் அம்மா தலைகுனிகிறாள் என்பது அவனுக்குத் தெரிய வேண்டாம்.

சொந்தக்காரர்கள் சொல்வதுதான் அதிகம் சுடும். நான் வேலைக்குப் போனதால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று ஒரு மருத்துவரே என்னிடம் சொன்னார். படித்தவர் சொல்கிறாரே என்று வருடக்கணக்கில் நம்பி, ராத்திரியெல்லாம் அழுதேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு அங்கே பெரிய பெரிய அறிஞர்களே தாயிடம் பாசம் இல்லாததுதான் காரணம் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று பட்டம்கூட வைத்தார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியல் அறிஞர், இது மூளையின் அமைப்பில் இருப்பது, வளர்ப்பால் வருவதில்லை என்று புத்தகம் எழுதி அதை மறுத்தார். அவர் மகனுக்கும் ஆட்டிசம். எத்தனை தாய்மார் அதுவரை அந்தப் பழியோடு செத்துப் போனார்களோ என்று இன்றும் எனக்கு நெஞ்சு எரிகிறது. அந்தப் பொய்யைத்தான் நம் பந்தி வரிசையில் வேறு வார்த்தையில் பேசுகிறார்கள். நீ அதை எடுத்து மடியில் கட்டிக்கொள்ளாதே.

இன்னொன்றும் தெரிந்துகொள். நம் நாட்டில் 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் முன்னால் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. யார்மேலும் வழக்குப் போடச் சொல்லவில்லை. மண்டபத்தில் சின்னவன் நிற்பதற்கு யார் தயவும் வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உனக்கு நினைவிருக்காது. நீ இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது திருச்செந்தூர் ரயிலில் போனோம். இன்ஜின் ஊதியதும் உன் அத்தான் கத்த ஆரம்பித்தான். எதிர்சீட்டு அம்மா முகத்தைச் சுளித்தார். நீ எழுந்து போய் உன் இரண்டு கையாலும் அவன் காதை மூடிக்கொண்டு, 'அத்தானுக்குச் சத்தம் வலிக்கும்' என்று அவரிடம் சொன்னாய். அந்த அம்மா உடனே ஜன்னலை இறக்கிவிட்டார். எந்த மருத்துவரும் அதற்கு முன் எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

தை மாதம் உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். மாடியில் தனி அறை ஒன்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கும். தாலி கட்டும் நேரத்தில் உன் அத்தானும் நானும் அங்கேதான் இருப்போம். சின்னவனைக் கூட்டிக்கொண்டு வா. கூட்டம் சேரும் முன் முதல் பந்தியிலேயே எல்லோரும் உட்கார்ந்துவிடலாம்.

அன்புடன்,
அத்தை