படம் இருக்கிறது, படிக்க வழி இல்லை!



புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில், ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் சித்தன்னவாசல் குன்று இருக்கிறது. உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே சென்றிருப்பீர்கள். பாறையைக் குடைந்து அமைத்த அறிவர் கோயிலில் தலையை உயர்த்திப் பார்த்தால் ஒரு தாமரைக் குளம் தெரியும். மீன்கள், பறவைகள், யானைகள், எருமைகள், மலர் பறிக்கும் மனிதர்கள் என்று எல்லாம் அந்தக் குளத்தில் உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் இக்கோயில் புதுப்பிக்கப்பட்டதை அங்குள்ள கல்வெட்டு ஒன்று கூறுகிறது.

அந்த ஓவியங்களில் பெரும்பகுதி சிதைந்துவிட்டது, எஞ்சியதும் மங்கியிருக்கிறது. ஆகவே அவற்றை முன்பு எடுத்த ஒவ்வொரு புகைப்படமும் விலைமதிப்பற்ற சான்று. சுவரிலிருந்து உதிர்ந்த ஒரு தாமரை இதழை இனிப் புகைப்படத்தில் மட்டுமே காண முடியும்.

இப்போது ஒரு நிலைமையைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். ஓர் ஆய்வாளர் உரிய அனுமதி பெற்று, 2005ஆம் ஆண்டில் டிஜிட்டல் காமிராவால் இந்த ஓவியங்களைப் படம் எடுத்தார். படங்களைப் பத்திரமாகக் குறுந்தகட்டில் சேமித்தார். காமிராவுடன் வந்த மென்பொருளைக் கொண்டு தம் கணிப்பொறியில் அவற்றைப் பார்த்தும் வந்தார். ஆண்டுகள் பல கழிந்தன. பழைய கணிப்பொறி பழுதாயிற்று, புதியது வாங்கினார். பழைய மென்பொருளை அதில் நிறுவ முயன்றார். “இந்த மென்பொருள் இங்கே இயங்காது” என்று கணிப்பொறி சொல்லிவிட்டது! குறுந்தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. படங்கள் முழுமையாக இருக்கின்றன. ஆனால் அவற்றைத் திறக்க முடியவில்லை.

இது எப்படி நேர்கிறது? இதைத் தடுப்பது எப்படி? வாருங்கள், பார்ப்போம்.

காமிரா எழுதுவது படம் அல்ல, எண்கள்

டிஜிட்டல் காமிராவின் உள்ளே பிலிம் இல்லை. அதற்குப் பதிலாக ஒளியை உணரும் சிறு சில்லு இருக்கிறது. அதில் இலட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் விழுந்த ஒளியின் அளவை ஓர் எண்ணாகச் சொல்கிறது. அகலத்தில் 4,000 கட்டங்களும் உயரத்தில் 3,000 கட்டங்களும் இருந்தால் மொத்தம் 1 கோடியே 20 இலட்சம் எண்கள் கிடைக்கும்.

பெரும்பாலான காமிராக்களில் ஒவ்வொரு கட்டத்தின் மீதும் ஒரு வண்ண வடிகட்டி உண்டு. பாதிக் கட்டங்களுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, கால்பங்குக்கு நீலம். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் என்பவர் வகுத்த இந்த ஏற்பாட்டுக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. பச்சைக் கட்டத்தில் விழுந்த சிவப்பின் அளவு அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து அதைக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கணக்கைக் காமிராவே செய்து, கோப்பைச் சுருக்கி, ‘ஜேபெக்’ என்னும் பொதுமுறையில் தரலாம். அல்லது எண்களை அப்படியே எழுதி வைத்து, கணக்கைப் பிறகு கணிப்பொறியிடம் விட்டுவிடலாம். இரண்டாவது வகைக் கோப்பை ‘ரா’, அதாவது பச்சைக் கோப்பு என்பார்கள். ஜேபெக் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளையே வைத்திருக்கும். 12 பிட் பச்சைக் கோப்பில் 4,096 படிகள் உண்டு. மங்கிய காவி நிறத்துக்கும் அதன் அருகிலுள்ள சற்றே மங்கிய காவிக்கும் வேறுபாடு காண வேண்டிய ஓவிய ஆய்வாளர் எதை விரும்புவார்? பச்சைக் கோப்பைத்தானே!

ஆனால் இங்கேதான் சிக்கல். ஜேபெக் 1992இல் வெளியான பொதுத் தரம். அதன் விதிகள் அச்சில் உள்ளன. பச்சைக் கோப்பின் விதிகளையோ ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வகுத்துக்கொண்டது. பல நிறுவனங்கள் அவற்றை வெளியிடவும் இல்லை.

செய்து பாருங்கள்

விதி தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணக்கு நோட்டிலேயே பார்க்கலாம். கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். கீழே உள்ள 25 இலக்கங்களை இடமிருந்து வலமாக, வரிக்கு 5 கட்டங்கள் வீதம் எழுதுங்கள். 1 வரும் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள். 0 வரும் கட்டத்தை விட்டுவிடுங்கள்.

1000010000100001000011111

என்ன தெரிகிறது? ‘ட’ என்னும் எழுத்து.

இப்போது அதே இலக்கங்களை வரிக்கு 6 கட்டங்கள் வீதம் எழுதிப் பாருங்கள். எழுத்து மறைந்துவிடும், மேல்வரியின் வலது ஓரத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு சாய்வுக் கோடும் சில சிதறிய கட்டங்களும் மிஞ்சும். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. மாறியது ‘வரிக்கு எத்தனை’ என்ற விதி மட்டுமே!

இன்னொரு சோதனை. 1, 2 என்று அடுத்தடுத்து இரண்டு பைட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஒரே எண். முதல் பைட்டு பெரிய இடத்துக்கு உரியது என்றால் 1 × 256 + 2 = 258. இரண்டாவது பைட்டு பெரிய இடத்துக்கு உரியது என்றால் 2 × 256 + 1 = 513. எது சரி? கோப்பு சொன்னால்தான் தெரியும். ‘டிஃப்’ என்னும் படக்கோப்பின் முதல் இரண்டு எழுத்துகளே இதைத்தான் சொல்கின்றன. ஆங்கில எழுத்து ‘ஐ’ இருமுறை வந்தால் சிறியது முதலில். ‘எம்’ இருமுறை வந்தால் பெரியது முதலில்.

துபாஷி இல்லாத சபை

கோப்பைப் படிக்கும் மென்பொருள் கையில் இருந்தும் அது புதிய கணிப்பொறியில் ஏன் இயங்க மறுக்கிறது?

மென்பொருள் தானாகக் காமிராவைத் தொடுவதில்லை. நடுவே ‘இயக்க முறைமை’ இருக்கிறது. விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் ஆகியவை இயக்க முறைமைகள். நினைவகத்தில் இடம் ஒதுக்குவதும், திரையில் எழுத அனுமதிப்பதும், வெளிக்கருவிகளோடு பேசுவதும் அதன் வேலை. ஒவ்வொரு கருவிக்கும் அதன் மொழி தெரிந்த ‘இயக்கி’ என்னும் சிறு நிரல் தேவை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநருக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார் அல்லவா? இயக்கி அத்தகைய ஒரு துபாஷி. துபாஷி வராத சபையில் வந்தவர் பேச்சு எவருக்கும் புரியாது.

இயக்க முறைமை மாறும்போது மூன்று இடங்களில் தடை வரலாம்.

முதலாவது, எண்ணின் நீளம். 32 பிட் நிரல் 2-இன் 32ஆம் அடுக்கு, அதாவது 429,49,67,296 முகவரிகளையே எண்ண முடியும். அது 4 ஜிகாபைட் நினைவகத்துக்குச் சமம். பெரிய படங்களுக்கு இது போதாமல் போகவே 64 பிட் முறைக்கு உலகம் மாறியது. 64 பிட் விண்டோஸ் பழைய 32 பிட் மென்பொருள்களை இன்னும் ஓட்டுகிறது. ஆனால் 32 பிட் இயக்கிகளை ஏற்காது. ஆகவே மென்பொருள் திறக்கும், காமிரா மட்டும் தெரியாது! ஆப்பிள் நிறுவனமோ 2019இல் வந்த ‘கேட்டலினா’ பதிப்பில் 32 பிட் மென்பொருள்களையே முற்றாக நிறுத்திவிட்டது. அதற்கு முன் பயன்பட்ட பல பழைய நிரல்கள் ஒரே நாளில் திறக்காமற் போயின.

இரண்டாவது, பாதுகாப்பு. விஷமிகளின் நிரல் உள்ளே புகாதிருக்க, புதிய இயக்க முறைமைகள் கையொப்பமிட்ட இயக்கிகளையே அனுமதிக்கின்றன. பழைய இயக்கியில் அந்த டிஜிட்டல் கையொப்பம் இராது.

மூன்றாவது, செலவு. பழைய மென்பொருளைத் திருத்திச் சோதிக்க ஆட்களும் காலமும் வேண்டும். விற்பனை நின்றுபோன காமிராவுக்காக எத்தனை நிறுவனங்கள் அதைச் செய்யும்?

ஏழடிப்பட்டம் சொல்லும் பாடம்

இது புதிய துன்பம் என்று நினைக்காதீர்கள். சித்தன்னவாசல் குன்றிலேயே இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகையில் சமணத் துறவியருக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் உள்ளன. அவற்றில் ஒன்றில் ஏறத்தாழ கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. கல் அழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. ஆனால் அதைப் படிக்கும் முறை பல நூற்றாண்டுகள் மறந்துபோயிற்று.

வடநாட்டு அசோகர் கல்வெட்டுகளின் விதியை வைத்துக்கொண்டு இத்தகைய குகைக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குப் பொருள் சரியாகப் பிடிபடவில்லை. அவை தமிழ் மொழிக்கேற்ப மாற்றிய எழுத்துமுறையில் உள்ளவை என்பதை 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக் காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அந்த விதிகளை மேலும் தெளிவுபடுத்தினார். 5 கட்டத்துக்கும் 6 கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நினைவுக்கு வருகிறதா?

மேல்நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. இங்கிலாந்தில் 1086இல் எழுதிய ‘டூம்ஸ்டே’ நிலக்கணக்கு நூலின் 900ஆம் ஆண்டை ஒட்டி, பிபிசி நிறுவனம் 1986இல் அந்நாட்டு மக்களைப் பற்றிய படங்களையும் குறிப்புகளையும் லேசர் தட்டுகளில் பதிந்து வெளியிட்டது. இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவிகள் அரிதாகிவிட்டன. பழைய கணிப்பொறியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளை எழுதி, 2002இல் ஆய்வாளர்கள் அவற்றை மீட்டுக் காட்டினர். 1086இன் தோல் ஏடுகளோ இன்றும் படிக்கும் நிலையில் இருக்கின்றன!

வழிகள் என்ன?

நம் ஆய்வாளர் மனம் தளர வேண்டியதில்லை. அவருக்குச் சில வழிகள் உண்டு.

காமிராவே பேச மறுத்தால் அதைக் கணிப்பொறியோடு இணைக்க வேண்டாம். நினைவட்டையைக் கழற்றி, அட்டை படிப்பானில் செருகினால் போதும். காமிராக்கள் பொதுவாக ‘டி.சி.ஐ.எம்.’ என்ற ஒரே பெயருள்ள உறையில் படங்களை வைக்கின்றன. இது 1998இல் ஜப்பானில் உருவான பொது விதி. அதனால் தனி இயக்கி தேவைப்படாது.

பச்சைக் கோப்பு திறக்காவிட்டால் திறந்த மென்பொருள்களை நாடலாம். 1997இல் டேவ் காஃபின் எழுதத் தொடங்கிய ‘டிசிரா’ என்னும் நிரல், வெளியிடப்படாத விதிகளையும் ஆராய்ந்து நூற்றுக்கணக்கான காமிராக்களின் கோப்புகளைப் படித்தது. அதன் வழிவந்த ‘லிப்ரா’ இன்றும் வளர்க்கப்படுகிறது. மூல நிரல் எல்லோர் கையிலும் இருப்பதால், இயக்க முறைமை மாறினாலும் யாரேனும் அதைத் திருத்திக்கொள்ள முடியும்.

அதுவும் பயனளிக்காவிட்டால், புதிய கணிப்பொறிக்குள் ஒரு ‘மெய்நிகர் கணிப்பொறி’யை அமைத்து அதில் பழைய இயக்க முறைமையை ஓட்டலாம். ஆனால் அதை இணையத்தோடு இணைக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன முறைமை, தாழ்ப்பாள் இல்லாத வீடு போன்றது. விண்டோஸ் 10-க்கும் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

வருமுன் காப்பது எளிது. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்து, அதோடு விதிகள் வெளியான முறையில் ஒரு பிரதியும் எடுத்து வையுங்கள். டிஃப் அத்தகையது, 2004இல் அடோபி வெளியிட்ட ‘டிஎன்ஜி’யும் அத்தகையது. பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். எந்தக் காமிரா, எந்த நாள், எந்த இடம் என்பதைச் சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்து வையுங்கள். இயக்க முறைமையை மாற்றுமுன் பழைய படங்கள் புதியதில் திறக்கின்றனவா என்று ஒரு கணிப்பொறியில் சோதித்த பிறகே மற்றவற்றை மாற்றுங்கள்.

உங்கள் ஊர்க் கோயிலையோ ஏரியையோ பழைய கல்வெட்டையோ நீங்கள் இன்று படம் எடுக்கலாம். முப்பது ஆண்டு கழித்து அதை உங்கள் மாணவர் ஒருவர் தேடக்கூடும். எண்களை மட்டும் விட்டுச் செல்லாதீர்கள். படிக்கும் முறையையும் சேர்த்து விட்டுச் செல்லுங்கள்.

சிந்திக்க

1. 4,000 × 3,000 கட்டங்கள் கொண்ட காமிராவில் பச்சை, சிவப்பு, நீலக் கட்டங்கள் எத்தனை எத்தனை?

2. கட்டத்துக்கு 12 பிட் வீதம், சுருக்காமல் எழுதினால் ஒரு பச்சைக் கோப்பு எத்தனை பைட்டு இருக்கும்? (8 பிட் = 1 பைட்டு)

3. 3, 1 என்று இரண்டு பைட்டுகள் வந்தால், இரு விதிகளின்படியும் எண்ணின் மதிப்பு என்ன?

விடைகள்: 1. பச்சை 60 இலட்சம், சிவப்பு 30 இலட்சம், நீலம் 30 இலட்சம். 2. 1 கோடியே 80 இலட்சம் பைட்டுகள். 3. பெரியது முதலில் என்றால் 769. சிறியது முதலில் என்றால் 259.