கோத்தகிரித் தம்பிக்கு, மேட்டுப்பாளையத்திலிருந்து



மண்டிக்குக் கேரட் இறக்க வந்த டிரைவரிடம் நீ கொடுத்தனுப்பிய நோட்டு வியாழக்கிழமை கைக்கு வந்தது. 2006 மாடல் டாடா 207 டிஐ பிக்கப்புக்கு எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்திய கதை, 11 பக்கம், நடுவில் ஒட்டிய நான்கு படங்கள். அன்று ராத்திரியே இரண்டு தடவை படித்தேன். ஏழாம் பக்கத்துப் படமும் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரியும் என்னைத் தூங்கவிடவில்லை. அந்த இரண்டையும் பற்றித்தான் இந்தக் கடிதம். பைப்பை எந்த இடத்தில் வெட்டுவது, ஃபிளாஞ்சைக் கோணாமல் எப்படி வெல்டிங் வைப்பது என்பதெல்லாம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் மையைச் செலவழிக்க வேண்டாம்.

முதலில் அந்தப் படம்.

பிக்கப்பில் காற்று டாங்கி கிடையாது. பெரிய லாரியில் செய்வதுபோல ஏர் சிலிண்டர் வைத்து, எக்ஸாஸ்ட் பைப்பை மூடும் பட்டர்ஃபிளையை இழுக்க வழியில்லை. அதனால் வேக்குவம் டயஃப்ரம் வைத்தாய். சின்ன லாரிகளில் ஜப்பான்காரர்கள் செய்ததும் அதுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேக்குவத்தை எங்கிருந்து எடுத்திருக்கிறாய்? பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அறுத்து, நடுவில் ஒரு டி இணைப்பு போட்டிருக்கிறாய். அதுவும் ஒன்வே வால்வுக்கும் பூஸ்டருக்கும் இடையில்!

அந்த ஒன்வே வால்வு எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது? எஞ்சின் நின்றுபோனாலும் இரண்டு மூன்று மிதிக்குத் தேவையான வேக்குவம் பூஸ்டருக்குள் தங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. ஆபத்துக்கு என்று எடுத்து வைத்த காசு அது. நீ சுவிட்சைத் தட்டும் ஒவ்வொரு தடவையும் உன் டயஃப்ரம் அந்தக் காசில் கை வைக்கிறது. போதாக்குறைக்கு, டயஃப்ரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எக்ஸாஸ்ட் பைப்புக்கு நான்கு விரல் தள்ளித்தான் போகிறது. லோடோடு மலை ஏறி வந்த சூட்டில் அது நாளுக்கு நாள் காயும், விறைக்கும், ஒருநாள் வளைவில் வெடிக்கும். அந்த நிமிஷம் எக்ஸாஸ்ட் பிரேக் போவது பெரிதில்லை. கால் பிரேக் கல்லாகிவிடும். பெடல் இருக்கும், ஆயிலும் இருக்கும், ஆனால் ஏறி நின்று மிதித்தாலும் வண்டி லேசில் கேட்காது.

துணைக்கு வந்தவன் வீட்டுக்காரனின் சோற்றில் கை வைக்கக் கூடாது, தம்பி. எக்ஸாஸ்ட் பிரேக் செத்தாலும் கால் பிரேக்குக்கு ஒரு நூல் அளவு குறை வரக் கூடாது. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத இடம் இது ஒன்றுதான். பம்பு வாயிலேயே தனி இணைப்பு எடு. அதற்கென்று தனி ஒன்வே வால்வு, தனியாக ஒரு சின்ன வேக்குவம் டாங்கி. சூட்டுப் பக்கத்தில் இரும்புக் குழாய் ஓடட்டும்; கடைசி ஒரு ஜாணுக்கு மட்டும் சூடு தாங்கும் ஹோஸ்; நடுவில் ஒரு தகடு மறைப்பு. முடித்த பிறகு எஞ்சினை ஓட்டி நிறுத்து, டயஃப்ரம் ஹோஸைக் கழற்றிக் கீழே போடு, அப்புறம் பிரேக்கை மிதி. முதல் இரண்டு மிதியும் மெத்தென்று இறங்கினால் வண்டியை ரோட்டுக்கு எடு. இல்லையென்றால் எடுக்காதே.

கிளட்ச் பெடலில் மைக்ரோ சுவிட்ச் இல்லாததும் இதே கணக்கில்தான் வரும். ஆக்ஸிலேட்டருக்கு வைத்தவன் கிளட்சுக்கு ஏன் வைக்கவில்லை? வளைவுக்கு முன்னால் டிரைவர் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றக் கிளட்சை மிதிக்கிறான். பட்டர்ஃபிளை மூடியே இருக்கிறது. சக்கரம் எஞ்சினைச் சுற்றுவது நின்ற மறுகணம் எஞ்சின் திணறி அணைகிறது. இந்த வண்டியில் வேக்குவம் பம்பு ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். எஞ்சின் அணைந்தால் புது வேக்குவமும் வராது.

இனி ஒன்பதாம் பக்கம். நீ எழுதியதை உனக்கே திருப்பி எழுதுகிறேன்: "இனி நாலாவது கியரில், கால் பிரேக்கைத் தொடாமலே கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கலாம்."

யார் சொன்னது உனக்கு?

எக்ஸாஸ்ட் பிரேக் என்பது எஞ்சினின் மூச்சை அடைப்பது. பிஸ்டன் புகையை வெளியே தள்ள வரும்போது வாசல் மூடியிருக்கிறது; அடைபட்ட காற்றை எதிர்த்துத் தள்ளுவதில் வண்டியின் வேகம் செலவாகிறது. அப்படியென்றால் நிமிஷத்துக்கு எத்தனை தடவை தள்ளுகிறது என்பதில்தான் பலம். இரண்டாவது கியரில் 3,000 சுற்று ஓடும் எஞ்சினையும் நாலாவதில் 1,500 சுற்று ஓடும் எஞ்சினையும் எடுத்துக்கொள். பின்னதில் தள்ளுவது பாதி. தள்ளுகிற காற்று குறைவாக இருப்பதால் பட்டர்ஃபிளையில் போட்ட சின்ன ஓட்டை வழியே அழுத்தமும் நழுவிவிடும். கிடைத்த கொஞ்சமும் கியர் பெருக்கம் இல்லாமல் சக்கரத்துக்குப் போகிறது. நாலாவது கியரில் உனக்குக் கிடைப்பது பிரேக் இல்லை, பிரேக் போட்டிருக்கிறோம் என்ற நினைப்பு மட்டும்தான்.

கணக்கையும் பார்த்துவிடு. லோடோடு 3 டன் என்று வை. கோத்தகிரியிலிருந்து இங்கே வருவதற்குள் ஏறக்குறைய 1,450 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வரும் சக்தி அத்தனையும் சூடாக மாறினால் 140 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். டயரும் எதிர்க்காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுக்கப் பிரேக்குக்குப் போனால் என்ன ஆகும்? டிரம் சூட்டில் விரியும், லைனிங் அதைத் தொட இன்னும் தூரம் போகவேண்டும், பெடல் தாழும். லைனிங் முகம் கண்ணாடியாகும். பிறகு ஆயில். டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. மலைக்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பழசானால் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். குழாய்க்குள் ஆவி வந்தால் பெடல் பஞ்சு மூட்டை. எக்ஸாஸ்ட் பிரேக் எதற்கு என்றால், இந்தச் சூட்டை எஞ்சின் பக்கம் திருப்பிவிட்டு டிரம்மைப் பச்சையாக வைத்திருக்க. மலை முழுக்க அளவாகவே தொட்ட கால் பிரேக், கடைசி வளைவில் ஒரு மாடு குறுக்கே வரும்போது முழுசாக இருக்க வேண்டும்.

ஏறிய கியரில் இறங்கு. 36 வளைவு உள்ள கல்லட்டி மலைப்பாதையில் முதல் கியர், இரண்டாவது கியர் என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே நியூட்ரலில் இறங்குகிறவர்களை இந்த வயதில்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. டீசல் மிச்சமாம்! கியரில் இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், பம்பிலுள்ள கவர்னர் டீசலை நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் எஞ்சின் தானாக ஓடியாக வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதிகம் எரிக்கிறார்கள். இதை நாற்பது வருஷமாகச் சொல்கிறேன். உன் நோட்டில் அந்த நாலாவது கியர் வரியைப் பார்த்ததும் எனக்கு ஏன் கை நடுங்கியது என்று இப்போது புரியும்.

1983. எனக்கு 17 வயது, கிளீனர். ஊட்டியிலிருந்து உருளைக்கிழங்கு லோடு, ராத்திரி இறக்கம். குன்னூர் தாண்டிக் காட்டேரிக்குக் கீழே டிரைவர் அண்ணன் நியூட்ரலுக்குத் தள்ளினார். வழக்கமாகச் செய்வதுதான். பர்லியார் நெருங்கும்போது லைனிங் கருகும் வாடை கேபினுக்குள் வந்தது. அண்ணன் மிதித்தார், மறுபடி மிதித்தார், பிறகு மிதிப்பதை விட்டுவிட்டுக் கியரோடு போராடினார். அந்த வேகத்தில் அந்தக் காலத்துக் கியர் பாக்ஸ் எந்தக் கியரையும் உள்ளே விடவில்லை. பல் கடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. என் மடியில் சக்கரத்துக்குப் போடும் கட்டை இருந்தது. ஓடுகிற சக்கரத்துக்குக் கட்டை போட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணன் மலைப் பக்கம் ஒடித்து, பாறையில் பாடியைத் தேய்த்துத் தேய்த்து நிறுத்தினார். இறங்கிப் பார்த்தால் டிரம்மின் மேல் விழுந்த மழைத்துளி பொரிகிறது. அண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்து வெகுநேரம் பேசவேயில்லை. சுற்றிலும் பாக்குத் தோப்பு. எங்கோ பலா பழுத்திருந்தது. இன்றைக்கும் பலாப்பழ வாசனை வந்தால் அதன் பின்னாலேயே லைனிங் வாடையும் எனக்கு வந்துவிடுகிறது.

மறுநாள் பட்டறையில் மேஸ்திரி டிரம்மைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்பக்கம் நீலம் பாரித்து, மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஒரு வார்த்தை திட்டவில்லை. "தடவிப் பாரு" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் கிளீனராகப் போகவில்லை. அந்தப் பட்டறையிலேயே நின்றுவிட்டேன்.

இது நம் மலைக்கு மட்டும் வந்த பாடம் இல்லை. கம்மின்ஸ் எஞ்சினுக்குப் பெயர் தந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், 1931-ல் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. கீழே சரக்கு ரயில் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார்கள். அந்தப் பயத்தை மனசில் வைத்திருந்துதான், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அமுக்கிய காற்றை வெளியே திறந்துவிடும் எஞ்சின் பிரேக்கை அவர் பின்னாளில் கண்டுபிடித்தார். 1961-ல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதைச் செய்து விற்க ஆரம்பித்தது. எஞ்சினைச் செய்தவருக்கே அதை நிறுத்தும் வழி முப்பது வருஷம் கழித்துத்தான் கைக்கு வந்தது.

திட்டியது போதும். ஐந்தாம் பக்கத்துக்கு வருகிறேன்.

அந்தப் பக்கத்தை மூன்றாவது தடவையும் படித்தேன். என்னோடு வேலை செய்த எவரும், நான் உட்பட, இதைச் செய்ததில்லை. பழைய லாரிப் பட்டர்ஃபிளை கிடைத்தால் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டு, "சரி" என்று அனுப்பிவிடுவோம். நீ வால்வு ஸ்பிரிங்கைக் கழற்றி, மளிகைக் கடைத் தராசை வாங்கி வந்து, டிரில்லிங் மெஷினில் வைத்து, எஞ்சினுக்குள் உட்காரும் உயரத்துக்கு அமுக்கி எடை பார்த்திருக்கிறாய்! நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒன்று புகையைத் தள்ளும் நேரத்தில் இன்னொன்று காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். வாசல் அடைபட்டால் அந்த அழுத்தம் அதன் எக்ஸாஸ்ட் வால்வைப் பின்னாலிருந்து திறக்கப் பார்க்கும். 40 மில்லிமீட்டர் வால்வு என்று வைத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம் அதன் முதுகில் சுமார் 37 கிலோவாக ஏறும். ஸ்பிரிங் அதைத் தாங்காவிட்டால் வால்வு எழும்பி எழும்பி அடிக்கும், சீட்டு சிதையும். பெரிய பட்டறைகளில்கூட இதைக் கேட்க ஆள் இல்லை. நீ கேட்டாய். கிடைத்த எடையில் கால் பங்கைப் பாதுகாப்புக்குக் கழித்தாய். பட்டர்ஃபிளையில் 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, கேஜைப் பார்த்து, 8 ஆக்கி, மறுபடி பார்த்து, அரை மில்லிமீட்டர் கூட்டி நிறுத்தியிருக்கிறாய். கேஜ் கருகாமல் இருக்கச் செம்புக் குழாயைச் சுருட்டி நடுவில் வைத்தது யார் சொல்லித் தந்தது? ஷாஃப்டில் சூட்டுக்கு இடம் விட்டுக் கடைந்ததில் உன் அப்பாவின் கை தெரிகிறது. இந்தப் பக்கத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம், தம்பி. ஒட்டத்தான் போகிறேன்.

ஐந்தாம் பக்கத்தை எழுதிய அதே கை ஏழாம் பக்கத்தில் டி போட்டது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்று. லோடு இறக்கிவிட்டுக் காலியாகப் போகும்போது பிக்கப்பின் பின்பக்கம் இறகு மாதிரி. எக்ஸாஸ்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை மட்டும். மழையில், பனிமூட்டத்தில், ரோட்டில் இலை நசுங்கிக் கிடக்கும் வளைவில் சின்னக் கியரோடு சுவிட்சையும் தட்டினால் வண்டியின் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்கும்போது இதை வாயால் சொல். எழுதிக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வா. ஆற்றோரம் ஒரு டன் மணல் மூட்டை ஏற்றிக்கொள்ளலாம். சின்ன டாங்கி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. ஒன்வே வால்வும் எடுத்து வைத்திருக்கிறேன். மதியத்துக்குள் குழாய் வேலையை முடித்துவிட்டு, கோத்தகிரி வரை ஏறி, இரண்டாவது கியரில் இறங்கிப் பார்ப்போம். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

வரும் முன் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை மாற்றிவிடு. மூன்றாம் பக்கத்துப் படத்தில் அது வெடித்திருப்பது தெரிகிறது.

அன்புடன்,
மேட்டுப்பாளையம் பட்டறையிலிருந்து உன் அண்ணன்