கொல்லைத் தோட்டத்தைத் தன்போக்கில் விடலாமா?

தறியிலும் வயலிலும் பொழுதைக் கழிக்கும் நம் சங்க அங்கத்தினர்களுக்குக் கொல்லையைப் பேண ஓய்வு குறைவு. ‘தானாக முளைப்பது தானாக வளரட்டும்’ என்று புதிதாய்த் தோட்டம் போடுவோர் எண்ணுவதில் நியாயம் உண்டு. ஐப்பசியில் இரண்டு மழை பெய்தால், ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் குப்பைக்கீரையும் கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் விதைக்காமலே எழுகின்றன. இவற்றைக் கொத்தி எறிந்துவிட்டுக் கீரை வாங்கச் சந்தைக்குச் செல்வது நமக்கு விந்தையாகவே தோன்றுகிறது. தரையை மூடிய செடிகள் மண் காய்வதையும், மேல்மண் மழையில் அரித்துச் செல்லப்படுவதையும் குறைக்கின்றன.

ஆயினும் கைவிடுதல் வேறு. உழாமலும் இரசாயன உரமிடாமலும் வேளாண்மை செய்து காட்டிய ஜப்பானியர் மசனோபு ஃபுகுவோகா, தம் தந்தையாரின் ஆரஞ்சுத் தோட்டத்தை முதலில் கவாத்துச் செய்யாமல் விட்டார். கிளைகள் பின்னிக்கொண்டன; பூச்சி தாக்கிற்று; மரங்கள் பட்டுப்போயின. 1975-இல் வெளிவந்த ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யில் அவரே இதனைக் கூறுகிறார். கத்தி பட்ட மரம் தன் இயல்பு வடிவை இழந்துவிடுகிறது. பிறகு அதற்குக் கவனிப்பு வேண்டும். விதையிலிருந்து தானே எழுந்த வேம்புக்கு அத்தேவை இல்லை.

முருங்கை இதற்கு விலக்கு. இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளாவிடில் நெடிதோங்கும், காய் எட்டாது, காற்றில் ஒடியும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னைகளையே சாய்த்ததன்றோ!

பார்த்தீனியத்தைப் பூக்குமுன் வேரோடு பிடுங்குக. தோல் அரிப்பு உண்டாகக்கூடுமாதலால் கையில் உறை அணிக. சீமைக்கருவேலங் கன்றையும் சிறிதாயிருக்கையிலேயே வேரோடு தோண்டி எடுக்கவேண்டும். வளர்ந்தபின் வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் தழைக்கும்.