ஓய்வுக்காலத்திற்கு ஒரு சிறு வீடு: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

சங்கங்களின் தணிக்கைக்காக ஊர் ஊராகச் செல்லும் நம்மிடம் அங்கத்தினர்கள் கணக்கைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. மகளின் திருமணம், மகனின் படிப்பு, வரப்புத் தகராறு ஆகிய யாவும் வந்து சேரும். அண்மைக் காலத்தில் மிகுதியாக வரும் கேள்வி ஒன்றுண்டு: "தறியை விட்டு இறங்கிய பிறகு சொந்த ஊரில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு இருந்துவிடலாம் என்று எண்ணுகிறேன். கையிலுள்ள பணம் போதுமா?"

இக்கேள்விக்கு ஒரு முறை நாம் அரைகுறையாக விடை அளித்தோம். அதனை முதலில் ஒப்புக்கொண்டு பாடத்தைத் தொடங்குவதே முறை.

சிங்கப்பெருமாள் கோயிலை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு பெரியவர். காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து பட்டு நெய்தவர். பூர்வீக மனை மூன்று சென்ட் இருந்தது. சேமிப்பு கொஞ்சம் இருந்தது. மீதிக்குக் கடன் வேண்டினார். நாம் பத்திரத்தைப் பார்த்தோம்; தவணையைக் கணக்கிட்டோம்; ஜாமீன்தாரரை விசாரித்தோம். காகிதத்தில் யாவும் சரியாகவே இருந்தன. எத்தகைய வீடு என்று மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வைகாசி நண்பகலில் அவ்வழியே சென்றோம். புதிய வீட்டின் எதிரே வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். "உள்ளே அனல் ஐயா, பொழுது சாய்ந்தால்தான் போக முடியும்" என்றார். தொள்ளாயிரம் சதுர அடி கான்கிரீட் வீடு. என்றோ கட்டப்போகும் மாடிக்காக ஒரு படிக்கட்டு. பின்புறத்தில் மூன்று படி இறங்கிச் செல்லும் கழிப்பறை. அவருடைய மனைவிக்கோ முழங்கால் வலி. தவணையை மகனின் கூலியிலிருந்து கட்டிவந்தார்கள்.

அன்று நாம் கற்றதை மூன்று சொற்றொடர்களில் அடக்கலாம். ஓய்வுக்கால வீடு கடன் ஏறாததாய், வெயில் ஏறாததாய், படி ஏறாததாய் இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் வரிசையாக ஆராய்வோம்.

1. கடன் ஏறாமை

சிக்கனம் மனையிலிருந்தே தொடங்குகிறது. தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அருகருகே செல்வதால், இப்பகுதியில் மனைப்பிரிவுகள் பெருகிவிட்டன. மாமல்லபுரக் கரையிலோ சென்னைவாசிகள் வார இறுதியில் வந்து தங்கிச் செல்லும் வீடுகள் பல. அவற்றின் அழகைக் கண்டு நம் அங்கத்தினர் மயங்குதல் கூடாது. அவர்கள் இரண்டு நாள் தங்குவதற்குக் கட்டுகிறார்கள். நாம் கடைசி வரை வாழ்வதற்குக் கட்டுகிறோம்.

சொந்த ஊரில் பூர்வீக மனையோ நத்தம் பட்டாவோ இருப்பின் அதுவே சிறந்தது. புதிதாக வாங்குவோர் பட்டா, மூலப் பத்திரம், புல வரைபடம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்க்காமல் முன்பணம் தரலாகாது. மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதையும் கேட்டறிக. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்வதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்ததையும், அப்போது பலர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் தவித்ததையும் நினைவில் கொள்க. அங்கீகரிக்கப்பட்ட மனையானால் இப்போது ஒரு வசதியும் உண்டு. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்று முறையில் இணைய வழியே அனுமதி பெறும் திட்டம் 2024 ஜூலையில் தொடங்கப்பட்டது.

செங்கற்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஆதலின் மனையைக் கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்யற்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை சென்று பாருங்கள். ஏரியின் கலங்கல் நீர் எவ்வழியே ஓடுகிறது என்று ஊர் முதியவரைக் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் அவ்விடத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பது அவருக்குத் தெரியும். கடலோரத்தில் வாங்குவோர்க்கு மேலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அடங்கும். மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

அடுத்தது அளவு. முதியோர் இருவர்க்கு 450 முதல் 500 சதுர அடி போதும். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறையுடன் கூடிய குளியலறை, முன்புறம் அகன்ற திண்ணை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் திண்ணையும் கூடமும் அவர்களுக்கே. தறியை முற்றும் விட மனமில்லாதவர் திண்ணையின் ஒரு பகுதியை நீட்டிக்கொள்ளலாம். ஆண்டில் பத்து நாள் வரும் விருந்தினர்க்காக ஓர் அறை கட்டி, முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் அதைப் பெருக்கிக்கொண்டிருப்பது சிக்கனம் அன்று.

நாம் இப்போது அங்கத்தினர்க்குக் கூறும் விதி இதுவே: கையிலுள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை மருத்துவத்திற்கும் அன்றாடச் செலவுக்கும் என்று தனியே வைப்பில் இட்டுவிடுக. எஞ்சிய இரண்டு பங்கிற்குள் அடங்கும் வீட்டையே கட்டுக. வருமானம் குறையும் வயதில் தவணை தொடங்குவது ஆகாது.

2. வெயில் ஏறாமை

சிக்கன வீட்டைப் பற்றிப் பேசுவோர் லாரி பேக்கர் என்னும் கட்டடக்கலைஞரை மறத்தல் இயலாது. 1917-இல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர். 1945-இல் இந்தியாவுக்கு வந்து இங்கேயே வாழ்ந்து, இந்தியக் குடிமகனாகி, 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். சிற்றூரின் நல்ல வீடு ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்று காந்தியடிகள் கூறியதைப் பேக்கர் தம் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். அவர் வடிவமைத்த இடம் ஒன்று நம் மாவட்டத்திலேயே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ளது. 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா என்னும் அக்காட்சியகத்தில், தென்னாட்டின் பழைய வீடுகள் பல, நெசவாளர் வீடும் உழவர் வீடும் உட்பட, மீண்டும் எழுப்பப்பட்டுள்ளன. வீடு கட்ட எண்ணும் அங்கத்தினர் ஒரு நாள் சென்று, நண்பகலில் அவ்வீடுகளின் தாழ்வாரத்தில் அமர்ந்து பார்த்து வருதல் நலம்.

பேக்கர் கையாண்ட முறைகளுள் இரண்டு நமக்கு உடனே பயன்படும்.

முதலாவது, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, சுவரின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் ஒன்பது அங்குலமே. ஆனால் நூறு கல் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ எழுபத்தைந்து கல் போதும். கலவையும் குறையும். நடுவிலுள்ள காற்று வெயிலின் சூட்டை எளிதில் உள்ளே விடாது. பழகாத கொத்தனார் முதலில் முணுமுணுப்பார். அவரைக் கொண்டு தோட்டத்துச் சுவரில் ஐந்தடி கட்டிப் பார்த்த பின் வீட்டைத் தொடங்குக.

இரண்டாவது, ஓடு பதித்த தளம். கான்கிரீட் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட் பெரும்பாலும் கம்பியைப் பற்றி நிற்பதற்கே உதவுகிறது. ஆகவே கம்பிகளுக்கு இடையே, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மங்களூர் ஓடுகளை வைத்துத் தளம் போட்டால், கான்கிரீட் குறைகிறது, பாரம் குறைகிறது, ஓடுகளுக்கு இடையே நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கிறது. எனினும் கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளரே குறித்துத் தர வேண்டும். இதில் ஊகம் ஆகாது.

வெறும் ஓட்டுக் கூரை வேய்வோர் புயலை மனத்தில் கொள்க. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைப் பகுதியைத் தாக்கியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. கூரையின் சட்டங்களைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிணைப்பதும், விளிம்பு ஓடுகளைக் கலவையிட்டு இறுக்குவதும் செலவு அதிகமில்லாத காப்பு.

திசையும் காசில்லாத உதவியே. இப்பகுதியில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. ஆதலின் பெரிய சாளரங்கள் கிழக்கிலும் தெற்கிலும் அமைக. உட்புகுந்த காற்று வெளியேற எதிர்ச்சுவரில் உயரமான சிறு திறப்புகள் வேண்டும். மேற்குச் சுவரே பகைவன். சமையலறை, குளியலறை, அலமாரி ஆகியவற்றை அப்பக்கம் தள்ளி, வெளியே ஒரு பந்தலோ மரமோ வைக்க. ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்பதால், வடக்குச் சுவருக்கும் இரண்டரை அடித் தாழ்வாரம் தேவை. வடகிழக்குப் பருவமழையின் சாரலையும் அதுவே தடுக்கும்.

கடலோரத்தில் கட்டுவோர் உப்புக்காற்றால் கம்பி துருப்பிடிப்பதை மறவற்க. கடல் மணலும் உவர்நீரும் கலவையில் சேரவே கூடாது.

3. படி ஏறாமை

அறுபது வயதில் கட்டும் வீடு எண்பது வயதுக்கும் உதவ வேண்டும். தரைமட்டத்தை வெள்ளத்திற்கு மேல் உயர்த்துவது அவசியமே. ஆனால் வாசலில் படிகளுடன் ஒரு சாய்தளமும் அமைக. வீட்டினுள் எங்கும் ஒரே மட்டம். கதவுகள் மூன்றடி அகலம். கழிப்பறை படுக்கையறையை ஒட்டியே இருத்தல் வேண்டும். வழுக்காத தரை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய், இரவில் கை எட்டும் இடத்தில் விளக்கின் சுவிட்சு. இவற்றைக் கட்டும்போதே செய்தால் செலவு சிறிது. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின் செய்தால் மருத்துவச் செலவும் சேரும்.

நீரும் இங்கே எண்ணத் தக்கது. 500 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொண்டால், விழும் நீர் சுமார் 55,000 லிட்டர். ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தாலும் 44,000 லிட்டர். இருவர் நாளொன்றுக்கு 200 லிட்டர் செலவிட்டால் அது 220 நாள் நீர். தொட்டியில் கொண்டது போக மீதியைக் கிணற்றருகே மண்ணில் இறக்குக. குடத்தைத் தூக்கி நடக்கும் வயது கடந்தவர்க்கு இது பெரிய துணை.

4. சேர்ந்து கட்டுவோம்

நம் மண்ணுக்குக் கூட்டுறவு புதிதன்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தவுடனே, அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தின் திரூரில் விவசாயிகளின் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும் தோன்றின. அந்த மரபை வீடு கட்டுவதிலும் காட்டலாம். ஒரே ஊரில் ஐவர் கட்டுவதானால் செங்கல்லையும் ஓட்டையும் ஒரே லோடாகச் சூளையிலிருந்து இறக்கலாம். சென்டரிங் பலகைகளை ஒருவர்பின் ஒருவராகப் பயன்படுத்தலாம். எலிப்பொறிக் கட்டு அறிந்த ஒரு கொத்தனாரை ஐந்து வீட்டிற்கும் அமர்த்தலாம். பொறியாளரின் கட்டணமும் பங்காகும்.

முடிவாக ஒன்று. வீடு எழுந்தவுடன் அன்பின் மிகுதியால் அதனைப் பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்ட் செய்துவிடும் அங்கத்தினர் பலர். செய்வதாயின், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்னும் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுக. 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அந்நிபந்தனை மீறப்பட்டால் அப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கத் தீர்ப்பாயத்தை நாடலாம். நிபந்தனை எழுதுவது பிள்ளைகள்மீது ஐயம் கொள்வது ஆகாது. சங்கத்தில் நாம் ஒருவரை ஒருவர் நம்பியபோதும் பற்றுச்சீட்டு எழுதுவதைப் போன்றதே அது.

முதலிற் கூறிய பெரியவரை மறந்துவிடவில்லை. சென்ற கோடைக்கு முன் நாமும் சங்கத்து நண்பர்கள் சிலரும் அவர் வீட்டிற்குச் சென்றோம். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இருமுறை பூசினோம். மேற்கே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டோம். கழிப்பறைக்குச் செல்லும் மூன்று படிகளின்மேல் செங்கல்லால் நீண்ட சாய்தளம் அமைத்து, சுவரில் ஒரு குழாய் பொருத்தினோம். இப்போது நண்பகலில் அவர் கூடத்திலேயே படுக்கிறார். அம்மையார் துணையின்றிப் பின்புறம் சென்று வருகிறார். கடனை மட்டும் நம்மால் குறைக்க முடியவில்லை. அது இன்னும் ஆறு ஆண்டுகள் ஓடும். அதனாலேயே இப்பாடத்தை எழுத நேர்ந்தது.

கல்வி வட்டத்தில் விவாதிக்க:

1. உங்கள் ஊரில் ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் கட்டடப் பொருள்கள் யாவை?
2. உங்கள் மனையில் பெருமழையின் நீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே போகிறது?
3. நீங்கள் கட்ட எண்ணும் வீட்டில் எந்த அறையை விட்டுவிடலாம்?
4. இவ்வாண்டு உங்கள் சங்கத்தில் வீடு கட்ட இருப்போர் எத்தனை பேர்? அவர்கள் சேர்ந்து வாங்கக்கூடியவை எவை?
5. கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் நிர்வாகக் குழு, பத்திரத்தைத் தவிர வேறு எவற்றைக் கேட்க வேண்டும்?