நைட் ஷிஃப்ட் முடிச்ச கையோட கடலுக்குக் கிளம்பாதீங்க!

வல்லம் வடகால்ல 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குற அளவுக்கு சிப்காட் கட்டின குடியிருப்பு 2024-ல திறந்ததுல இருந்து, "அக்கா, வீக் ஆஃப்ல மகாபலிபுரம் போயிட்டு வரலாமா?"ன்னு கேக்கிற தங்கச்சிங்க அதிகமாயிட்டாங்க. தாராளமா போகலாம். ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியா அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனா முதல்ல தூங்குங்க.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு யூனிஃபார்மோடவே எல்லாரும் வேன் ஏறினோம். திருக்கழுக்குன்றம் தாண்டறதுக்குள்ள மொத்தப் பேரும் தூங்கியாச்சு, முன்சீட்டுல இருந்த நான் உட்பட. டயர் ஜல்லியில ஏறுற சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தா, டிரைவர் அண்ணனும் அப்பதான் முழிக்கிறார். பனைமரத்துக்கு ஒரு முழம் முன்னாடி வேன் நின்னுது. ராத்திரி முழுக்க அவரும் கம்பெனி டிரிப் ஓட்டியிருக்கார். அதனால வாடகை பேசறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: "அண்ணே, முந்தின ராத்திரி டூட்டி இருக்கா?" இருந்தா வேற ஆளை அனுப்பச் சொல்லுங்க. இதைக் கேக்கக் கூச்சமே படாதீங்க.

சூரிய உதயம் பாக்கணும்னு மூணு மணிக்குக் கிளம்ப வேண்டாம். ஒரகடம் ரோட்டோரமா லைட் இல்லாம நிக்கிற ட்ரெய்லர் இருட்டுல கண்ணுக்கே தெரியாது. லேசா விடிஞ்சதும் கிளம்புங்க. ஏழரைக்குள்ள கடற்கரைக் கோயில் வாசல்ல இருப்பீங்க. டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அன்னிக்கே ஐந்து ரதத்துக்கும் அதுதான். கத்திரி வெயில் ஏறுறதுக்குள்ள இந்த ரெண்டையும் முடிச்சிட்டு, பத்து மணிக்கு மேல மண்டபங்களுக்குப் போயிடுங்க. பாறைக்குள்ள நிழல் நல்லா இருக்கும். கிருஷ்ண மண்டபத்துல ஒருத்தர் பால் கறக்கிற சிற்பம் இருக்கு. பசு தன் கன்னுக்குட்டியை நக்கிக் கொடுத்துக்கிட்டு நிக்கும். ஊர்ல மாடு வளர்த்த பிள்ளைங்களை அங்கேயிருந்து நகர்த்தவே முடியாது.

இப்ப கடல். தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்க பல பேருக்கு இதுதான் முதல் கடல். ஏரி, கிணறு மாதிரி இதை நினைக்காதீங்க. அலை வெள்ளையா உடையற இடங்களுக்கு நடுவுல, அலையே இல்லாம அமைதியா ஒரு பட்டை தெரியும். பயமில்லாத இடம்னு அங்கதான் இறங்கத் தோணும். கரைக்கு வந்த தண்ணி எல்லாம் அது வழியாத்தான் கடலுக்குத் திரும்புது, ஆளையும் சேத்து இழுத்துட்டுப் போகும். கணுக்காலுக்கு மேல வேண்டாம். கைகோர்த்துக்கிட்டும் இறங்காதீங்க, ஒருத்தி சறுக்கினா வரிசையே போகும். துப்பட்டா, பாவாடை நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். யாராவது இழுபட்டா பின்னாடியே குதிக்காம, கத்தி மீனவ அண்ணன்களைக் கூப்பிடுங்க. காலியான பெரிய தண்ணி பாட்டிலோ கேனோ மூடி போட்டு எறிஞ்சாலும் அதைப் பிடிச்சு மிதக்கலாம். இதை மட்டும் வேன்ல போகும்போதே எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க.

மீன் சாப்பிடற ஆசை இருந்தா விலையைக் கேட்டுட்டு உக்காருங்க. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். சின்னப் படகுல வர்ற மீன்தான் புதுசு, விலையும் கூடத்தான். வயித்துக்குப் பயமா இருந்தா புளிசாதம் கட்டிட்டுப் போயிடுங்க. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கட்டாயம்.

ரெண்டு மணிக்கெல்லாம் திரும்பிடுங்க. ஹாஸ்டல் இன்-டைமுக்குள்ள வந்து, குளிச்சு, மறுநாள் ஷிஃப்டுக்கு முன்னாடி தூங்க நேரம் வேணும். வர்ற வழியில திருக்கழுக்குன்றம் ரோட்டுல நுங்கு வெட்டுவாங்க. கட்டைவிரலால அழுத்திப் பாத்து, அமுங்கறதா எடுங்க. லீவு கிடைக்காம ரூம்லயே இருக்கிற பொண்ணுக்கும் அரை டஜன் ஓலையில கட்டி வாங்கிக்குங்க. ராத்திரி வரைக்கும் வெச்சிருக்காம, போனதும் அவ கையில குடுத்துடுங்க.